வெள்ளிக்கிழமைக் காரியம்

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிவிட்டன. இந்த வருஷம் காபியை விட்டிருக்கிறேன். கறியை ஊரே விடுகிறது, அதில் என்ன பெருமை. காலை ஒன்பது மணிக்குள் தலை வெடிக்க ஆரம்பித்துவிட்டது. இவர் சுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தார். வாயில் வைக்க முடியவில்லை.

சாயங்கால ஆராதனையில் புதுப் போதகர் ஐயர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இந்தச் சபைக்கு வந்து முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் புதுப் பழக்கம் கொண்டுவருகிறார்.

எங்கள் கோயிலில் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்குவதற்கு முன்னால் சமாதானம் கொடுப்பது வழக்கம். ஐயர் பீடத்தை விட்டு இறங்கி வந்து, முதல் பெஞ்சில் இருப்பவரின் கைகளைத் தன் இரண்டு கைகளுக்குள் வாங்கி "சமாதானம்" என்பார். அவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். அப்படியே கடைசி பெஞ்சு வரை போகும். பக்கத்தில் இருக்கிறவருக்குக் கொடுத்தால் போதும் என்பதால், ஆகாதவர்களுக்குப் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. யார் யாருக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதை பெஞ்சுகளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஐயர் சொன்னார்: "உங்களால மன்னிக்கவே முடியாத ஒரே ஒரு ஆள மனசுல எடுத்துக்கோங்க. பேர யார்கிட்டயும் சொல்லாதீங்க. வெள்ளிக்கிழமைதோறும் அவங்களுக்கு உங்க கையால ஏதாவது ஒரு காரியம் செய்ங்க. பெரிய வியாழன் அன்னைக்கு, சமாதானம் கொடுக்கிற நேரத்துல, நீங்களே எழும்பிப் போய் அவங்க கையப் பிடிங்க."

ஃபேன் மட்டும் கடகடவென்று ஓடியது. இந்த ஊர்க்காரர்களுக்கு இது ஆகிற காரியமா என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொருத்தரும் வருஷக்கணக்கில் வஞ்சம் வைக்கிற ஆட்கள். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நான் யார் மேலும் எதையும் வைத்துக்கொள்வதில்லை. மனதில் பட்டதை அங்கேயே சொல்லிவிடுவேன், அதோடு தீர்ந்தது.

வெகுநேரம் யோசித்து கிளாடிஸை எடுத்தேன். எதிர்வீட்டுக்காரி. போன வருஷம் அசனத்தில், ஊரே பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, "சாம்பார் அடிப்பிடிச்சிருக்கு, தங்கபுஷ்பம் டீச்சர் கை பட்டதோ" என்று சொன்னவள். அடிப்பிடித்திருந்தது உண்மைதான். அது வேறு விஷயம்.

பிப்ரவரி 20, வெள்ளி

முதல் வெள்ளி. எலுமிச்சை ஊறுகாயை ஒரு பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், கிளாடிஸ் கையில் தூக்குவாளியோடு என் கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசி ஒரு வருஷம் ஆகிறது.

"அவியல் வச்சேங்கா. நிறைய ஆயிட்டு."

"நான் ஊறுகா கொண்டாரேன் ஒனக்கு."

இரண்டு பேரும் மாற்றிக்கொண்டோம். அவளுக்கும் திகைப்புதான், முகத்தைப் பார்க்கவேண்டும். நான் மன்னிக்கப் போகிறேன் என்பது எப்படியோ அவள் ஆத்துமாவுக்குத் தெரிந்துவிட்டது. தேவன் இப்படித்தான் கிரியை செய்வார்.

அவியலில் தேங்காய் காணாது.

பிப்ரவரி 27, வெள்ளி

பால் வாங்கப் போனேன். ஸ்டெல்லா என் முறை வந்ததும் எழுந்து நின்று, அளந்த பாலுக்கு மேலே ஒரு கை சாய்த்து ஊற்றினாள். "எதுக்குட்டி?" என்றேன். "சும்மாதான் டீச்சர்" என்றாள். போன வெள்ளிக்கிழமையும் இதேதான் செய்தாள்.

ஸ்டெல்லா என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள். கணக்கு வரவே வராது. ஒரு நாள் அவளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தி, "நீ பால் கறக்கத்தான் லாயக்கு" என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. இன்றைக்குப் பார், சொந்தமாகப் பால் டிப்போ வைத்திருக்கிறாள். கண்டித்து வளர்த்தால் பிள்ளைகள் வீண் போகமாட்டார்கள்.

கிளாடிஸ் வீட்டு வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் என் முருங்கைமரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

இவர் காலையில் என் கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தார். என்ன அதிசயமோ.

மார்ச் 6, வெள்ளி

தெற்கு ஓட்டுச் சரிவில் சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். கோயில்பிள்ளை மாசிலாமணி ஏணி வைத்து ஏறி நின்று சருகு வாருகிறான். கோயில் மணி அடிப்பது, கூட்டுவது, பூட்டுவது எல்லாம் அவன்தான். எங்கள் வீட்டுக் கூரைக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்?

"யாரு சொல்லி ஏறுனே?"

"யாரும் சொல்லல டீச்சர். சும்மாதான். மழைக்கு முன்னால வாரிட்டா நல்லதுல்லா."

மழைக்கு இன்னும் எத்தனை மாதம் கிடக்கிறது. கீழே இறங்கியதும் மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்காமலே போனான். ஒரு தடவை அவன் ஞாயிற்றுக்கிழமை மணியைப் பிந்தி அடித்தபோது, குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று சபைக் கூட்டத்தில் எழுந்து சொன்னது நான்தான். குடிக்கவில்லை, காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது. அது வேறு விஷயம்.

இந்த ஊருக்கு என்னவோ ஆகிவிட்டது.

மார்ச் 11, புதன்

முறுக்குக்கு மாவு இடித்தேன். உளுந்து கூடிவிட்டது.

மத்தியானம் பெனிட்டா வந்தாள். கையில் பிள்ளை. கிரில் கதவை நான் திறக்கவில்லை. கல்யாணத்தை ரிஜிஸ்டர் ஆபீசில் முடித்துக்கொண்டு போனவள், வேதத்தையும் வேண்டாம், பெற்றவளையும் வேண்டாம் என்று அந்த மெக்கானிக்கோடு தூத்துக்குடியில் இருக்கிறவள், இப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா. "செஞ்சது தப்புன்னு சொல்லு, திறக்கேன்" என்றேன். பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு நின்றாள். வெயில் கொளுத்தியது. "தண்ணியாவது குடுங்கம்மா" என்றாள். கொடுத்தேன். செம்பு கம்பிக்குள் நுழையவில்லை, டம்ளரில் கொடுத்தேன். பிள்ளை டம்ளரைப் பிடித்து இழுத்தது.

குடித்துவிட்டுப் போய்விட்டாள். கிளாடிஸ் அவள் வீட்டு நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாசிலாமணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பெனிட்டா பின்னால் போனான், பஸ் ஸ்டாண்டுக்கு வழிகாட்டவோ என்னவோ. அவளுக்கு வழி தெரியாதா.

இவர் உள்ளே இருந்தார். வெளியே வரவில்லை. வரமாட்டார், அவள் கல்யாணமான அன்றே என் தலையில் கை வைத்து, அவள் வீட்டுப் படியேறமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தவர். சாப்பாட்டைத் தொடவில்லை. வயிறு சரியில்லை போல.

மார்ச் 13, வெள்ளி

என் சேலைகளை எல்லாம் இவர் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டை அலசி அறியாத மனுஷன். கொடியில் என் சேலைகள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்து எனக்குக் கைகால் ஓடவில்லை.

கிளாடிஸ் கொட்டை எடுத்த புளி கொண்டுவந்தாள். பேச்சு குறைவாக இருந்தது. நானும் அவளுக்குக் கருப்பட்டி கொடுத்தேன். ஸ்டெல்லா பால் கூடுதலாக ஊற்றினாள், ஆனால் என்னைப் பார்க்காமல் ஊற்றி வெளியே சிந்தினாள். மாசிலாமணி கேட் கீல்களுக்கு எண்ணெய் போட்டான்.

மனதில் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. போன மாதம் ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டரம்மா இவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். "ஒண்ணுமில்ல, கொழுப்பு" என்று இவர் சொன்னார். சாகப்போகிறவர்களிடம்தான் ஊர் இப்படி நடந்துகொள்ளும். என் சித்திக்கு இப்படித்தான் கடைசி மாதம் எல்லாரும் பழம் கொண்டுவந்தார்கள்.

மார்ச் 15, ஞாயிறு

கோயிலில் பாடும்போது நாக்கு வறண்டுவிட்டது. எல்லாரும் என்னைப் பார்ப்பது போலவே இருக்கிறது. எந்தப் பாட்டு அடக்க ஆராதனைக்கு வேண்டும் என்று யோசித்தேன். கொயர் இழுத்து இழுத்துப் பாடும், அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

ஐயரம்மா வந்தார். ஐயரின் மனைவி, சின்னப் பெண், முப்பது வயது இருக்குமோ என்னவோ. "டீச்சர், உங்க கால் வலிக்குன்னு கேள்விப்பட்டேன், தைலம் தேச்சு விடட்டுமா" என்று கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊழியக்காரர் வீட்டு அம்மா என் காலைப் பிடிப்பதா? நான் பதறிக் காலை இழுத்துக்கொண்டேன். விடவில்லை. தேய்க்கத் தேய்க்க எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முடிந்தது கதை, எனக்கு முற்றிவிட்டது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

அவர் போனதும் இவரை முன்னால் நிறுத்தினேன்.

"மறைக்காம சொல்லுங்க. எனக்கு என்ன வியாதி?"

"வியாதியா? ஒனக்கா?"

"ஊரு பூரா தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியக்கூடாதோ?"

"ஒனக்கு ஒரு வியாதியும் இல்ல புஷ்பம். கொழுப்புதான். டாக்டரம்மா என்னையத் தனியா கூப்பிட்டது, எண்ணெய கொறைக்கச் சொல்லத்தான். நீ சண்டைக்குப் போவன்னு பயந்து என்கிட்ட சொன்னா."

அப்பாடா என்று இருந்தது. உடனே கோபமும் வந்தது. நான் எப்போது டாக்டரிடம் சண்டைக்குப் போயிருக்கிறேன்? ஒரே ஒரு தடவை. அது வேறு விஷயம்.

மார்ச் 21, சனி

வியாதி இல்லை என்றால் வேறு என்ன? பெண்கள் ஐக்கிய சங்கத் தேர்தல் ஈஸ்டருக்குப் பிறகு வருகிறது. என்னைத் தலைவியாக்க எல்லாரும் பேசி வைத்திருக்கவேண்டும். ஐயரம்மாவே காலைத் தேய்க்கிறார் என்றால் அதுதான்.

மார்ச் 27, வெள்ளி

இவர் முறுக்குச் சுட்டார். கருகிவிட்டது. ஒன்றும் சொல்லாமல் தின்றேன். லெந்து நாட்களில் இதுதான் பெரிய தவசு.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

ஓலை பிடித்துக்கொண்டு பவனி போனோம். ஓலைக் குருசு பின்னுவதில் இந்த ஊரில் என்னை அடிக்க ஆள் இல்லை. சண்டேஸ்கூல் பிள்ளைகளுக்கு ஒரு கூடை பின்னிக் கொடுத்தேன். ஒன்று மீந்தது. அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து ஐயரிடம் நேராகவே கேட்டேன். "ஐயா, தப்பு செஞ்சவங்க வந்து கேக்காம எப்படி மன்னிக்க? கேக்கட்டும், மன்னிக்கலாம். கேக்காதவங்களுக்கு மன்னிப்புக் குடுத்தா அதுக்கு என்ன மதிப்பு?"

அவர் ஓலையைச் சுருட்டிக்கொண்டே நின்றார். "எனக்கும் அதுதான் டீச்சர் கஷ்டம். எனக்கும் ஒரு ஆள் இருக்காங்க. அவங்க கேக்க மாட்டாங்க. தான் தப்பே செய்யலன்னுதான் நெனச்சிட்டிருக்காங்க."

"அப்படிப்பட்ட ஆளுங்கதான் ரொம்ப மோசம் ஐயா" என்றேன்.

"ஆமா டீச்சர்" என்றார்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி, விடியற்காலை

நேற்று எழுதவில்லை. கை ஓடவில்லை. தூக்கமும் வரவில்லை, எழுதிவிடவேண்டும்.

நேற்று பெரிய வியாழன் திருவிருந்து. கோயில் நிரம்பி வழிந்தது. நான் வெள்ளைச் சேலை கட்டி வழக்கமான இடத்தில், பெண்கள் பக்கம் நான்காம் பெஞ்சில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஐயர் பீடத்திலிருந்து இறங்கி வந்து நின்றார். "நீங்க எடுத்த ஆள்கிட்ட போங்க" என்று மட்டும் சொன்னார்.

யாரும் எழும்பவில்லை. நான்தான் முதலில் எழும்பினேன். நல்ல காரியத்தில் முதல் ஆளாக இருப்பது என் வழக்கம். இரண்டு பெஞ்சுக்கு முன்னால் இருக்கும் கிளாடிஸை நோக்கி ஒரு எட்டு வைத்தேன், அவளும் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள். நடைபாதையில் சந்தித்தோம். என் கைகளைப் பிடித்து, "சமாதானம்க்கா" என்றாள். "சமாதானம் கிளாடிஸ்" என்றேன். எனக்கு உள்ளே ஏதோ இடித்தது. நான் அவளை எடுத்தேன், சரி. அவள் ஏன் என்னை எடுத்தாள்?

"என்னையவா நீ எடுத்தே?"

"ஆமாக்கா. எங்க அத்த செத்த அன்னைக்கு நீங்க துட்டிக்கு வரல. எதிர்வீடு. வாசல்ல நின்னு பாத்துட்டு உள்ள போயிட்டிய." சொல்லிவிட்டு அழுதாள்.

நான் திரும்பி என் இடத்துக்குப் போகப் பார்த்தேன். என் பெஞ்சுக்கு முன்னால் ஸ்டெல்லா நின்றாள். அவளுக்குப் பின்னால், பெண்கள் பக்கத்துக்கு வரவே கூச்சப்படும் மாசிலாமணி, வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் ஐயரம்மா. அவருக்குப் பின்னால் இன்னும் ஆட்கள். கோயிலில் வேறு எங்கும் வரிசை இல்லை. ஒருவருக்கு ஒருவர், இருவர் என்று அங்கங்கே கைபிடித்து நிற்கிறார்கள். என் முன்னால் மட்டும் தூண் வரை போய் வளைந்து நிற்கிறது வரிசை.

உட்கார முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். அவள் கை பால் குளிர்ச்சியாக இருந்தது. "பெஞ்சு மேல ஏத்தி நிறுத்துனியள்லா டீச்சர்" என்றாள். சமாதானம் என்றாள். மாசிலாமணி கையை மட்டும் பிடித்துவிட்டு நகர்ந்தான். ஐயரம்மா வந்தபோது எனக்கு வாய் வந்துவிட்டது. "ஒங்களுக்கு நான் என்னம்மா செஞ்சேன், நீங்க வந்தே ரெண்டு மாசந்தான ஆகுது?" என்றேன்.

"மொத ஞாயிறு என் சேலையப் பாத்து, ஐயர் வீட்டுல கல்யாணமான்னு எல்லார் முன்னாலயும் கேட்டீங்க டீச்சர். அந்தச் சேலைய நான் அப்புறம் கட்டவே இல்ல. எங்கம்மா கடைசியா எடுத்துக் குடுத்த சேல அது."

எனக்கு அது நினைவுகூட இல்லை. கேட்டேனா? கேட்டிருப்பேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் காரணம் சொன்னார்கள், சிலர் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவியல், வெள்ளிக்கிழமைப் பால், ஓட்டுச் சருகு, தைலம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைக்குள் வந்து விழுந்தது. நான் தலைவியாகப் போகிறேன் என்று நினைத்தேனே.

வரிசையின் கடைசியில் இவர் நின்றார்.

ஆண்கள் பக்கத்திலிருந்து நடைபாதையைத் தாண்டி வந்திருக்கிறார். கண்ணாடி, சேலை, முறுக்கு. என் கைகளைப் பிடித்தார். கை எண்ணெயாக இருந்ததா, வியர்வையா தெரியவில்லை.

"புஷ்பம், என்னால இன்னும் முடியல. கிரில் வழியா ஒரு டம்ளர் குடுத்தேல்லா, அது கண்ணுலயே நிக்கி. வெள்ளிக்கிழமைதோறும் செஞ்சு பாத்தேன், போவ மாட்டேங்கு. ஆனாலும் வந்துட்டேன்."

பிறகு "சமாதானம்" என்றார். நான் திருப்பிச் சொல்லவில்லை.

எல்லாரும் பீடத்துக்குப் போய் முழங்கால்படியிட்டார்கள். நான் என் பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். நினைவு தெரிந்து முதல் தடவையாகத் திருவிருந்து எடுக்கவில்லை. ஐயர் பீடத்திலிருந்து என்னைப் பார்த்தார். அவர் எடுத்த ஆள் யார் என்று எனக்கு இப்போது தெரியும். அவர் ஆராதனை நடத்துகிறவர், அதனால் வரிசையில் நிற்கவில்லை.

பிள்ளை டம்ளரைப் பிடித்து இழுத்தது என்று எழுதியிருக்கிறேன். அதை ஏன் எழுதினேன்?

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி, சாயங்காலம்

காலையில் இவரிடம், "தூத்துக்குடி போறேன்" என்றேன். மத்தியான மும்மணி ஆராதனைக்கு நான் போகாத வருஷமே இல்லை. இவர் "சத்தியம்?" என்று மட்டும் கேட்டார். "அந்தச் சத்தியத்த நானே எடுத்துட்டேன், வாங்க" என்றேன். சட்டையை மாற்ற உள்ளே போனவர் வர நேரமானது. முகம் கழுவிக்கொண்டு வந்தார், கண் சிவந்திருந்தது.

எனக்கு வீடு தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் இவர் முன்னால் நடந்தார். மார்க்கெட்டைச் சுற்றி, ஒரு சந்துக்குள் நுழைந்து, ஒரு பொட்டிக்கடை முனையில் நின்று, "அந்தா, நீலக் கதவு" என்றார்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்த முனை வரைக்கும் வந்திருக்கேன். கடைக்காரர்கிட்ட சோடா குடிச்சிட்டு நிப்பேன். புள்ள வாசல்ல வெளையாடும். படியேறலையே புஷ்பம், சத்தியம் பண்ணிக் குடுத்தேன்லா."

எனக்கு அந்தத் தெருவிலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. பொட்டிக்கடைக்காரர் இவரைப் பார்த்து, "வாங்க சார்" என்றார். எத்தனை தடவை வந்தாரோ.

முன்னால் ஒர்க்‌ஷாப், பின்னால் வீடு. அந்தப் பையன் ஒரு பைக்கின் அடியில் படுத்துக்கிடந்தான், எங்களைப் பார்த்து எழுந்து ஓரமாக ஒதுங்கினான். நீலக் கதவு திறந்துதான் கிடந்தது. பெனிட்டா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முறத்தைக் கீழே போட்டாள். இவர் படியேறி உள்ளே போய், பிள்ளையை வாரி எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் படிக்குக் கீழே நின்றேன்.

"உள்ள வாங்கம்மா" என்றாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். கைப்பையில் இருந்த ஓலைக் குருசைப் பிள்ளை கையில் கொடுத்தேன். வாயில் வைத்துக் கடித்தது. பிறகு இரண்டு கைகளையும் பெனிட்டாவுக்கு நீட்டினேன். "சமாதானம்" என்றேன்.

அவள் என் கைகளைப் பார்த்தாள். "இது எதுக்கும்மா? நீங்க என்னைய மன்னிக்கியளா, இல்ல நான் ஒங்கள மன்னிக்கணுமா?"

இத்தனை நாளும் முதல் கேள்விக்குத்தான் பதில் வைத்திருந்தேன். வழி நெடுக அதைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். "நீதான்ட்டி" என்றேன்.

"அப்போ எனக்கு நாள் வேணும்மா." கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். "கிரில்ல நான் நின்னேன் பாத்தியளா, அன்னைக்கு வீட்டுக்கு வந்து எனக்குப் பால் கட்டிட்டு, புள்ளைக்குக் குடுக்க முடியல. அவ்வளவு அழுதேன். சும்மா கையக் குடுத்திர முடியாதும்மா."

"சரி" என்றேன்.

கிளம்பும்போது, "அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க" என்றாள். வெள்ளிக்கிழமைக் காரியம் அவளுக்கு எப்படித் தெரியும்? கேட்கவில்லை. இவர்தான் உள்ளே பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்திருப்பார்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை. ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் இவர் காபி போட்டு வைத்தார். குடிக்கவில்லை. ஊருக்கு லெந்து முடிந்துவிட்டது, எனக்கு முடியவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

இரண்டு பேரும் போனோம். பிள்ளையைக் குளிப்பாட்டினேன். நான் ஊற்றிய வெந்நீர் சூடு என்று பெனிட்டா சொன்னாள். சூடுதான். வாயை மூடிக்கொண்டு விளாவினேன். கிளம்பும்போது அவள் கை கொடுக்கவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

இவருக்கு முதுகுவலி, நான் மட்டும் போனேன். மாவு ஆட்டினேன், முருங்கைக்கீரை உருவினேன், பிள்ளையைத் தூங்கவைத்தேன். பெனிட்டா நன்றாகப் பேசினாள், ஒரு தடவை சிரித்தாள். கிளம்பும்போது கைகளை நீட்டினேன். தலையை ஆட்டினாள். "இன்னும் இல்லம்மா." கண் கலங்கியிருந்தது, என்னுடையதும்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். அந்தப் பையன். மூச்சு வாங்க வந்து நின்று, கையைக் கழுத்துத் துண்டில் துடைத்தான். துடைத்தது போதவில்லை என்று சட்டையிலும் துடைத்தான். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்தான்.

"சமாதானம் அத்தை."

தூக்கிவாரிப் போட்டது. இவனிடம் நான் ஒரு வார்த்தை பேசியது இல்லை. இவனை மன்னிக்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை, அவ்வளவுக்குக் கூட இவனை நான் மதிக்கவில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"பெனிதான் அத்தை. அவளுக்கு இன்னும் வரமாட்டேங்குன்னு உள்ள உக்காந்து அழுதா. வார வரைக்கும் நான் குடுத்து வைக்கேன்னு சொல்லிட்டு ஓடியாந்தேன்."

பஸ் வந்துவிட்டது. அவன் கையை விடவில்லை, நானும் விடவில்லை. கண்டக்டர் சத்தம் போட்டார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் திருப்பிச் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஜன்னல் வழியாகச் சொன்னேன். கேட்டதோ என்னவோ, கையை ஆட்டினான்.

கையில் கிரீஸ் ஒட்டியிருக்கிறது. சோப்புப் போட்டேன், முழுசாகப் போகவில்லை. இந்தப் பக்கத்திலும் ஓரத்தில் பட்டிருக்கிறது.

மாப்பிள்ளையின் பேர் முத்துவேல். இதுவரை இந்த நோட்டில் எழுதவில்லை.